ஒரே வீட்டில் இரண்டு பூனைகள், மூன்று மாதமாக ஓயாத சண்டை: என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையில் முதல் மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மினிக்கு ஐந்து வயது, பெண். டைகருக்கு இரண்டு வயது, ஆண். இரண்டும் தெருவில் எடுத்த நாட்டுப் பூனைகள், கருத்தடை ஆனவை. டைகர் குட்டியாக வந்ததிலிருந்து ஒன்றரை வருடம் ஒரே மெத்தையில் தூங்கியவர்கள், மூன்று மாதமாக அடித்துக்கொள்கிறார்கள். மினி பாதி நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறாள். சோபாவில் இரண்டு தடவை மூத்திரம் போய்விட்டாள். பிரித்து அடைத்தால் இருவரும் கதவைப் பிறாண்டுகிறார்கள். லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் டப்பா) ஒன்று, சமையலறையைத் தாண்டி சர்வீஸ் பால்கனியில் இருக்கிறது. "அடித்துக்கொண்டே பழகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா, இல்லை ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா?"

காத்திருக்க வேண்டாம். கொடுக்கவும் அவசரப்பட வேண்டாம்.

பதினேழு வருடமாகப் பூனைகளோடு இருக்கிறேன். தெருவில் அடிபட்டுக் கிடந்தவற்றை வேறு வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஒரு சமயம் வீட்டில் ஏழு இருந்தன. அதில் பட்டதை வைத்துச் சொல்கிறேன், "அடிச்சுக்கிட்டே பழகிடும்" என்பதைப் போலப் பூனைகளுக்குக் கெடுதல் செய்த அறிவுரை வேறில்லை.

நாய், குரங்கு மாதிரிக் கூட்டமாக வாழ்ந்த விலங்குகள் சண்டைக்குப் பிறகு ஏதோ ஒரு விதத்தில் சமாதானம் ஆகிவிடும். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று, எதிரே இன்னொரு பூனை வந்தால் விலகிப் போகிற ஜீவன். மேற்கு ஆசியாவில் மனிதன் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது, எலிக்காக வந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. தீனி நிறையக் கிடைக்கும் இடத்தில் அம்மா, மகள், அக்கா, தங்கை என்று பெட்டைகள் சேர்ந்து வாழ்வதைப் பார்க்கலாம். மீன் மார்க்கெட் பக்கம் போனால் தெரியும். ஆனால் சண்டை போட்டபின் உறவைச் சரிசெய்யும் வித்தை பூனையிடம் அநேகமாக இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே தீர்வு தூரமாகப் போய்விடுவது. ஃபிளாட்டுக்குள் எவ்வளவு தூரம் போக முடியும்? ஃபிரிட்ஜ் உச்சி வரைதான். மினி அங்கே போய்விட்டாள்.

அதனால் ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கு ஒத்திகை. நாள் ஆக ஆக டைகரைக் கண்டால் ஓட வேண்டும் என்று மினிக்கும், மினி ஓடினால் துரத்த வேண்டும் என்று டைகருக்கும் ஊறிப்போகும்.

சரி, இது எங்கே ஆரம்பித்தது? நீங்கள் எழுதியதில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. "காலையில் ஹால் பால்கனிக்கு எதிரே காம்பவுண்டுச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைக் கடுவன் பூனை வந்து உட்காரும், டைகர் அதைப் பார்த்துக் கத்துவான்." எனக்கு மொத்தக் கதையும் அந்த வரியில்தான் இருப்பதாகப் படுகிறது. எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரியாத ஆளை மதில் மேல் பூனை என்போம். உங்கள் மதில் மேல் இருப்பது எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்ட பூனை. அந்தத் தெரு அதனுடையது, உங்கள் பால்கனியும் சேர்த்து.

டைகர் அதைப் பார்க்கிறான். மயிர் சிலிர்க்கிறது, வால் புடைக்கிறது, அடிக்க வேண்டும். நடுவில் கிரில்லும் கண்ணாடியும். அந்த நேரம் பார்த்துப் பின்னால் மினி வருகிறாள், என்ன சத்தம் என்று பார்க்க. திரும்பிய வேகத்தில் அவள் மேல் பாய்ந்துவிடுகிறான். ஆபீஸில் வாங்கிய திட்டை வீட்டில் வந்து கொட்டுகிற மனிதர்களை நமக்குத் தெரியும், கிட்டத்தட்ட அதுதான். ஒரே ஒரு வித்தியாசம், பூனையின் உடம்பில் ஏறிய அந்த முறுக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகும். சில சமயம் ஓரிரு நாள்கூட ஆகும். மினிக்கோ இந்தக் கடுவன் கதை எதுவும் தெரியாது. கூடத் தூங்கியவன் காரணமில்லாமல் கடித்தான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் அவன் சும்மா நடந்து வந்தாலே சீறுகிறாள். சீறினால் அவன் பாய்கிறான். வெள்ளைக் கடுவன் என்றைக்கோ எழுந்து போயிருக்கும், வீட்டுக்குள் சண்டை மட்டும் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கே இது நடந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெட்டைகள், நான்கு வருடம் ஒட்டியே இருந்தவை. ஒரு மழை ராத்திரி ஜன்னல் சன்ஷேடில் ஏதோ ஒரு பூனை ஏறிக் கத்த, உள்ளே இவை இரண்டும் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டன. நான் கையை நடுவில் விட்டேன். இப்போதும் கட்டைவிரல் அடியில் அந்தத் தழும்பு இருக்கிறது. மறுபடி இரண்டையும் ஒரே அறையில் விட எனக்குப் பத்து வாரம் ஆனது.

இன்னொன்றும் கூடவே நடந்திருக்கலாம். பூனை முழு ஆளாவது இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். குட்டியாக இருந்தவரை டைகரை மினி பொறுத்துப் போயிருப்பாள். இப்போது அவன் வளர்ந்த ஆண். விளையாட்டு என்று அவன் நினைத்துப் பாய்வதே ஐந்து வயதுக்காரிக்குத் தொந்தரவாக இருக்கும். அதோடு கடுவன் விவகாரமும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை இன்றைக்கே: ஹால் பால்கனிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறையுங்கள். பூனை நின்று எட்டிப் பார்த்தாலும் தெரியாத உயரத்துக்குப் பனிப்படலம் மாதிரி இருக்கும் கண்ணாடி ஸ்டிக்கரோ, பழைய காலண்டர் தாளோ எதுவானாலும் போதும். வெளிச்சம் வந்தால் சரி, சுவர் தெரியக் கூடாது. கீழே யாராவது அந்தக் கடுவனுக்குச் சோறு வைத்தால், வைக்கிற இடத்தைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் கருத்தடை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஊர் சுற்றுவதும், சண்டையும், சுவரில் பீய்ச்சுவதும் வெகுவாகக் குறையும். விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், காலியான இடத்துக்கு இன்னொரு கடுவன் வரும்.

இரண்டாவது வேலை டாக்டர். மினிக்கு உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா என்று பார்க்காமல் மற்றது எதையும் ஆரம்பிப்பதில் பயனில்லை. சொத்தைப் பல், மூட்டு வலி, சிறுநீர்ப்பை அழற்சி எல்லாவற்றையும் பூனை மறைத்துக்கொள்ளும். கிட்ட வந்தால் சீறும், அவ்வளவுதான் வெளியே தெரியும். சோபாவில் போனதை வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். மன அழுத்தத்தாலேயே பூனைக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகும். டைகர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆண் பூனை திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டாக்டரிடம் போய்விட்டு வரும்போது மினி மேல் ஆஸ்பத்திரி வாசனை இருக்கும். பூனை ஆளை முகத்தை வைத்து அடையாளம் காண்பதைவிட வாசனையை வைத்தே அதிகம் காணும். பழகிய பூனையாக இருந்தாலும், மருந்து நாற்றத்தோடு வந்தால் யாரோ அந்நியம் நுழைந்துவிட்டது போலப் பாயும். அன்றைக்கு முழுதும் தனியறையில் வைத்து, அவளுடைய படுக்கைத் துணியால் மேலே தேய்த்துவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் கவனிக்காத சண்டைக்கு வருகிறேன். கட்டிப் புரண்டு, மயிர் பறந்து, கத்தல் கேட்கிற சண்டையைத்தான் மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். அது மொத்தத்தில் சிறு பங்கு. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2024-இல் ஒரே வீட்டுப் பூனைகளைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அதன் தலைப்பில் சண்டை என்ற வார்த்தை இல்லை, பூனைகளுக்கு இடையிலான பதற்றம் என்றுதான் இருக்கிறது. சத்தமில்லாமல் நாள் முழுதும் நடப்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது.

ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். டைகர் எங்கே படுக்கிறான்? சமையலறை வாசற்படியில் என்று எழுதியிருக்கிறீர்கள், "பாவம், மினி பக்கத்திலேயே இருக்க ஆசைப்படுகிறான்" என்று வேறு. அவன் சாய்ந்து படுத்திருப்பது ஆசையால் இல்லை. லிட்டர் பாக்ஸுக்குப் போக இருப்பது அந்த ஒரே வழி. மினி ஃபிரிட்ஜ் மேலிருந்து இறங்கினாலும், பால்கனிக்குப் போனாலும், திரும்பி வந்தாலும் அவன் பார்வையில் பட்டாக வேண்டும். அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம், கண் இமைக்காமல் பார்த்தாலே போதும். பூனை மொழியில் அந்தப் பார்வை வாசலில் கம்போடு நிற்பதற்குச் சமம். மினி காதைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, வந்த வழியே திரும்பிவிடுவாள். இதைப் பார்க்கிற நமக்கு இரண்டு பூனைகள் சும்மா இருப்பது போலத் தெரியும்.

சோபா ரகசியமும் இதுதான். சோபா உயரமான இடம், நாலு பக்கமும் தெரியும், எந்தப் பக்கமும் ஓடலாம். பால்கனி மூலையில் மூடி போட்ட டப்பாவுக்குள் உட்கார்ந்தால் வெளியே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. பழிவாங்கினாள், கோபத்தைக் காட்டினாள் என்றெல்லாம் சொல்கிறோம். அவள் அடக்கி வைத்துக்கொண்டு, பயமில்லாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறாள். அவள் குந்தி உட்கார்ந்து போகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கி, சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக் குறியிடல், வேறு விஷயம்.

சின்ன வயதில் இரண்டு பூனைகள் அப்பத்துக்குச் சண்டை போட்ட கதை கேட்டிருப்போம். நிஜத்தில் வயிறு நிறைந்த பூனை அப்பத்துக்குச் சண்டை போடாது, வழிக்குச் சண்டை போடும். எங்கள் பாட்டி ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர். எட்டுக் குடும்பம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். அங்கே வராத சண்டை இல்லை என்பார். அப்புறம் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் இன்னொரு குழாய் போட்டாராம். அதே ஆட்கள்தான், சண்டை பாதியாகிவிட்டதாம். பூனை விஷயத்தில் நான் செய்வதெல்லாம் இன்னொரு குழாய் போடுகிற வேலைதான்.

லிட்டர் பாக்ஸ் எத்தனை என்றால், பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று. மூன்றையும் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். வேறு வேறு இடத்தில், முடிந்தால் ஒன்றுக்காவது இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும். மூடி வேண்டாம். கடையில் விற்கிற டப்பாக்கள் பெரும்பாலும் சின்னவை. மூக்கிலிருந்து வால் அடி வரை பூனை எவ்வளவு நீளமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். நான் துணி ஊற வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத்தான் வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டி வாசல் செய்கிறேன். ஹாலில் லிட்டர் பாக்ஸா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சோபாவில் போவதா, டப்பாவில் போவதா என்று கேளுங்கள்.

சாப்பாட்டுத் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் சேர்ந்து சாப்பிடுகிற போட்டோ எடுக்காதவர் யார்? எடுத்தது போதும். பசிக்காகப் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். தட்டுகளை வேறு வேறு அறையில் வையுங்கள், ஒன்று சாப்பிடும்போது மற்றது கண்ணில் படக் கூடாது. தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். மினிக்கு ஃபிரிட்ஜைத் தவிர இன்னும் இரண்டு உயரமான இடம் வேண்டும். படுக்கையறைப் பரணில் ஓர் ஓரத்தைக் காலி செய்து, அலமாரி மேல் ஏறி அங்கே போக ஒரு ஸ்டூல் போட்டாலே ஆயிற்று. முக்கியமாக, ஒவ்வொரு உயரத்திலிருந்தும் இறங்க இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரே வழி என்றால் டைகர் அதன் கீழே போய்ப் படுத்துக்கொள்வான்.

டைகர் கழுத்தில் மணி கட்டுங்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடி யோசித்தது போதும், இங்கே நீங்கள்தான். அவன் எங்கே வருகிறான் என்று மினிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தால் திடுக்கிடும் சந்தர்ப்பம் பாதி குறையும். இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கிரில்லில் மாட்டித் தொங்கிவிடுவான்.

இத்தனையும் செய்யும்போது இருவரும் பிரிந்து இருக்க வேண்டும். அடைத்தால் பிறாண்டுகிறார்கள் என்றீர்கள். ஒரு மணி நேரத் தண்டனையாக வெறும் அறையில் அடைத்தால் எந்தப் பூனையும் பிறாண்டும். டைகருக்கு ஒரு படுக்கையறையை முழுசாகக் கொடுங்கள், அவனுக்கென்று லிட்டர் பாக்ஸ், தண்ணீர், படுக்கை, பிறாண்டச் சாக்கு சுற்றிய கட்டை, தெருப் பக்கம் பார்க்காத ஜன்னல். மீதி வீடு மினிக்கு. பயந்தவளை அறைக்குள் அடைத்துவிட்டு, துரத்தியவனுக்கு வீட்டைக் கொடுப்பதுதான் பொதுவாக நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். காலையும் மாலையும் டைகரோடு பதினைந்து நிமிடம் குச்சியில் கயிறும் இறகும் கட்டி ஓடவிட்டு விளையாடி, கடைசியில் அதைப் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம், தூக்கம் என்று அவன் உடம்பு அடங்கும். இரண்டு வயது ஆணுக்கு இந்த விளையாட்டு இல்லாமல் நீங்கள் செய்யும் எதுவும் பலிக்காது என்பது என் அபிப்பிராயம்.

மினி ஃபிரிட்ஜிலிருந்து இறங்கி ஹாலில் கால் நீட்டிப் படுக்க ஆரம்பித்தால் அடுத்த கட்டம். ஒரு வாரத்திலும் நடக்கலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஒரு பழைய காட்டன் துணியால் டைகரின் கன்னத்தைத் தடவி, அதை மினியின் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவள் துணியையும் அவனிடம் அதே போல வையுங்கள். கன்னத்துச் சுரப்பியின் வாசனை பூனைக்கு நட்பான வாசனை. பழையபடி இருவருக்கும் வீட்டு வாசனை ஒன்றாக வேண்டும். மோந்துவிட்டு அலட்சியமாகப் போனால் ஜெயம். துணியைப் பார்த்துச் சீறினால் இன்னும் தூரமாக வைத்து இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் இடம் மாற்றியும் விடலாம், அவன் வீட்டைச் சுற்றட்டும், அவள் அவன் அறையை மோந்து பார்க்கட்டும், நேரில் சந்திக்காமல்.

அப்புறம் மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. முதல் நாள் கதவிலிருந்து ஆறேழு அடி தள்ளி. இருவரும் தலையைக் குனிந்து நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் அரை அடி கிட்டே. சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பின்னால் தள்ளுங்கள். சாதாரணத் தீனி இதற்குப் போதாது. அவித்த கோழியோ நெத்திலியோ, இரண்டுக்கும் உயிரான ஒன்று, இந்த நேரத்தில் மட்டும் கிடைக்க வேண்டும்.

அடுத்து கம்பி வலை. கொசுவலைக் கதவு இருந்தால் நல்லது, நைலான் வலையாக இருந்தால் கிழித்துவிடுவார்கள், அலுமினிய வலை தாங்கும். முதலில் வலை முழுவதையும் துணியால் மூடி, நாளுக்கு நாலு விரற்கடை உயர்த்திக்கொண்டே வாருங்கள். எதிரெதிரே பார்த்துக்கொண்டே சாப்பிடும் நாள் வரும். வந்ததும் கதவைத் திறந்துவிடத் தோன்றும். திறக்காதீர்கள், இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். நான் மூன்று தடவை இந்த இடத்தில் அவசரப்பட்டு, மூன்று தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசியாகத் திறந்த அறையில் சேர்த்து விடும்போது ஐந்தே நிமிடம். வீட்டில் இரண்டு பேர் இருங்கள், ஆளுக்கு ஒரு பூனையை விளையாட்டில் வைத்துக்கொள்ள. நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் விடலாம் என்று தோன்றும் அந்த நிமிடம்தான் நிறுத்த வேண்டிய நிமிடம். மறுநாள் ஏழு நிமிடம். நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் தூங்கும்போதும் கதவு மூடியே இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னே முடிந்தால் லாபம்.

நடுவில் சண்டை வந்துவிட்டால் கையை விடாதீர்கள், காலையும் விடாதீர்கள். தலையணையோ அட்டைப் பெட்டியோ நடுவில் நுழைத்துப் பார்வையை மறைத்தாலே பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரிந்ததும் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். முறுக்கு இறங்காத பூனை உங்களையே கடிக்கும். இருட்டான அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தண்ணீர் பீய்ச்சுவது, அடிப்பது, மூக்கைத் தேய்ப்பது எதுவும் வேலைக்காகாது, மற்ற பூனை பக்கத்தில் இருக்கும்போது வலியும் வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும், நம் அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேல்தோல் சீக்கிரம் மூடி உள்ளே சீழ் பிடிக்கும். பூனைகளுக்கும் அப்படித்தான், சண்டை நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து எங்காவது வீங்கி, தொட்டால் கத்தினால் கட்டி என்று புரிந்துகொள்ளுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. அது பூனைக்கு விஷம்.

விஷம் என்றதும் சோபாவுக்கு வருவோம். மூத்திர நாற்றத்துக்கு நமக்குக் கை தானாக ஃபினைல் பாட்டிலுக்குப் போகும். ஃபினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. அதன் மேல் நடந்து, பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். அம்மோனியா வாடை அடிக்கிற கிளீனர் வேறு கெடுதல், பூனைக்கு அது இன்னொரு பூனையின் மூத்திரம் போலவே மணக்கும், மறுபடி அங்கேயே போகும். என்சைம் சேர்ந்த கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதை நன்றாக ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள்.

பூனையை அமைதிப்படுத்தும் வாசனையைப் பரப்ப, பிளக்கில் மாட்டி வைக்கிற ஃபெலிவே மாதிரிச் சாதனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சில வீடுகளில் கொஞ்சம் உதவியது, சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் முதலில் இரண்டு லிட்டர் பாக்ஸ் வாங்கிவிட்டு மிச்சமிருந்தால் பாருங்கள். பூனைக்குப் போதை ஏற்றுகிற கேட்னிப் செடியும் வேண்டாம். நம் ஊர் குப்பைமேனி வேரும் அதே வேலையைச் செய்யும். அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயரே உண்டு. செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினால் சில பூனைகள் அதன் மேல் விழுந்து புரள்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் போதையில் சில பூனைகளுக்கு முரட்டுத்தனம் ஏறும். இருவரும் பழையபடி ஆகும்வரை அந்த விளையாட்டு வேண்டாம். மினி இரண்டு வாரம் கழித்தும் இறங்காமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் பதற்றத்தைக் குறைக்கும் மருந்து பற்றி டாக்டரிடமே கேளுங்கள். நாய், பூனைகளுக்கு மனநல மருந்து கொடுப்பது இப்போது சாதாரணம். வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். பழையபடி ஒரே மெத்தையில் கட்டிக்கொண்டு தூங்குவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கினால் நல்லது. என் வீட்டு அக்கா தங்கை அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தன. ஒரு தடவைகூட ஒட்டிப் படுக்கவில்லை. ஒன்று கட்டிலில் தூங்கும், மற்றது பீரோ மேல். காலையில் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரோரமாக ஒதுங்கும், மற்றது வேறெங்கோ பார்த்தபடி கடந்து போகும். எனக்கு அது போதுமாக இருந்தது. அவற்றுக்கும் போதுமாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

மூன்று நான்கு மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் மினி எடை குறைந்துகொண்டே போனால், அல்லது பார்த்த மாத்திரத்தில் இரத்தக் காயம் வரை போனால், பிரிப்பது தப்பில்லை. அப்போது பலர் செய்வது பயந்த பூனையைக் கொடுத்துவிட்டுத் தைரியசாலியை வைத்துக்கொள்வது. என்னைக் கேட்டால் டைகரைக் கொடுங்கள். அவன் இளசு, மனிதர்களிடம் ஒட்டுகிறவன், எங்கே போனாலும் இரண்டு வாரத்தில் கட்டிலில் ஏறிவிடுவான். மினிக்கு இந்த வயதில் இடம் மாறுவது இன்னொரு அடி. கொடுப்பது வேறு பூனை இல்லாத வீடாக இருக்கட்டும். தெருவில் பழையபடி விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டு வருடம் வீட்டில் வளர்ந்தவன் அந்த வெள்ளைக் கடுவன் முன்னால் ஒரு ராத்திரி தாங்க மாட்டான். கேட்டு வருகிறவர்கள் மாடி வீடு என்றால், பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை போட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.